எண்ணெய் குடித்த பிள்ளையார்

ஞாயிறு, காலை 6.30

கருவேப்பிலங்குறிச்சிக்கு இந்தப் பக்கம், நடவு முடிந்து நாலு நாள்கூட ஆகாத வயலில் ராஜவேல் குப்புறக் கிடந்தான். முப்பது வயது. ஒப்பந்த லைன்மேன். இரவெல்லாம் அடித்த மழையில், கம்பத்தின் உச்சியில் மின்கம்பியைத் தாங்கியிருந்த பீங்கான் கப்பு இரண்டாகப் பிளந்து, கம்பி வயல் தண்ணீரில் விழுந்திருக்கிறது. பழுது பார்க்க ஓடி வந்தவன், விழுந்த கம்பியில் கரண்ட் இருப்பது தெரியாமல் தண்ணீரில் கால் வைத்துவிட்டான். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது.

சப்-இன்ஸ்பெக்டர் அன்பரசி வரப்பில் நின்று பார்த்தாள். கோபக்காரி என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவள். ஆனால் கோபம் வந்தால் அவள் குரல் ஏறாது, இறங்கும். அது இறங்க ஆரம்பித்தால் ஸ்டேஷனில் கான்ஸ்டபிள்கள் டீ வாங்கிவரக் கிளம்பிவிடுவார்கள்.

சேற்றில் கிடந்த கப்பின் பாதியை எடுத்துத் துடைத்தாள். மேலே பழுப்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. உடைந்த வாயோ ரஸ்க்கை ஒடித்தது மாதிரி சொரசொரத்தது.

"இத மாட்டி எத்தன நாளாச்சு?"

"ஒரு மாசங்கூட ஆவல மேடம்," என்றான் உடன் வேலை பார்த்தவன். "நம்ம பரக்கத்துல்லா பாய் கம்பெனி சரக்குதான். புதுசு."

புதுசு. அந்த வார்த்தையைக் கேட்டதுமே அவள் குரல் இறங்கிவிட்டது. "புதுசு எப்டிப்பா மழைக்கு ஒடையும்?" என்றாள்.

செவ்வாய், மாலை 5.00

விருத்தாசலத்தில் பீங்கான் என்றால் பாதி ஊருக்குச் சோறு. பரக்கத்துல்லா இருபது வருஷம் கல்ஃபில் கிடந்து சம்பாதித்ததையெல்லாம் கொட்டி அந்தக் கம்பெனியைக் கட்டியிருந்தார். அவருடைய மேசையில் இன்று இரண்டு பீங்கான் துண்டுகள் கிடந்தன. ஒன்று வயலில் எடுத்தது. இன்னொன்று கம்பெனியில் இருந்த நல்ல கப்பை உடைத்தது.

தர மேலாளர் தமிழ்மணி இரண்டின்மேலும் சிவப்பு மையை ஊற்றினான். ஈரத்துணியால் துடைத்தான். நல்ல துண்டில் மை வழித்துக்கொண்டு வந்துவிட்டது. வயலில் எடுத்த துண்டு மையைக் குடித்துவிட்டுச் சிவப்பாகவே நின்றது.

"பாத்தீங்களா சார்? இது வேகாத சரக்கு. நல்லா வெந்த பீங்கான் சொட்டுத் தண்ணி குடிக்காது. எங்க டெஸ்ட்ல பாஸான சரக்கு இது இல்ல," என்றான் தமிழ்மணி.

இன்ஸ்பெக்டர் சாமிக்கண்ணு தலையாட்டினார். "அப்ப எப்டி வந்துச்சு?"

"சொல்ல சங்கடமாத்தான் இருக்குது. அந்தச் சரக்கு வியாழக்கிழம சூளைலேர்ந்து எறங்குச்சு. வெள்ளி, சனி ரெண்டு நாளும் எங்க லேப்ல இருக்கற நாஜியா டெஸ்ட் பண்ணாங்க. எல்லாம் பாஸ். ஞாயித்துக்கிழம அவங்க லீவுல போனாங்க. அடுத்த புதன்தான் லாரி ஏறுச்சு. நடுவுல நாலு நாள் குடோன்ல கெடந்துது. குடோன் சாவி சூளை மேஸ்திரி கொளஞ்சியப்பன்கிட்ட. பின்னாடி கழிச்சுப் போட்ட கப்பு மலையா கெடக்குது. நல்லத எடுத்து வெளிய வித்துட்டுக் கழிவ பெட்டில வச்சிட்டான்னா யாருக்குத் தெரியும்?"

அளந்து தைத்த சட்டை மாதிரி இருந்தது கதை. எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. அதுதான் அன்பரசிக்குப் பிடிக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கோ அதுவே ரொம்பப் பிடித்துப் போயிற்று. அன்று மாலையே கொளஞ்சியப்பனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், செத்துப்போன ராஜவேல் கொளஞ்சியப்பனின் சொந்த மருமகன். ஒரே மகள் பாரதியின் புருஷன்.

புதன், காலை 9.00

"நான் எடுக்கலம்மா," என்றான் கொளஞ்சியப்பன். ராத்திரியிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "ஒடஞ்சது வியாழக்கிழம எறக்கன சரக்கே இல்ல. அந்தச் சரக்கு முன்னாடியே போயிடுச்சு. இது புதன்கெழம, கரண்ட் ஷட்டவுன் அன்னிக்கிக் காலைல எறக்கனது. அன்னிக்கே லாரில ஏத்திட்டாங்க. அந்தச் சூளைக்கி கேஸு ப்ரெஷர் பத்தல. மேனேஜருகிட்ட சொன்னேன். டெஸ்ட்ல பாஸாயிடுச்சுன்னாரு."

"திருடன் வேற என்ன சொல்வான்?" என்றார் இன்ஸ்பெக்டர். "அன்பரசி, நாலு மணிக்குக் கோர்ட்டுல நிறுத்தணும். பேப்பர் ரெடி பண்ணுங்க."

"ஐயா, எறக்கன தேதி ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்றாங்க. அத விசாரிக்க வேணாமா?"

"மேனேஜர் சொல்றத நம்பறதா, இவன் சொல்றத நம்பறதா?"

அன்பரசி ரிமாண்ட் பேப்பரை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் அளவுக்குச் சொல்லியிருப்பாள்.

வெளியே கொளஞ்சியப்பனின் மனைவி மாரியம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பாரதி வந்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்து, கம்பிக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

"எம் புருசன வித்து என்னா வாங்கித் தின்ன?"

கொளஞ்சியப்பன் கம்பி வழியாகக் கையை நீட்டினான்.

"இனிமே நீ எனக்கு அப்பன் இல்ல. செத்தாலும் வரமாட்டேன்," என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டாள்.

கொளஞ்சியப்பன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். ஜெயிலுக்குப் போவதெல்லாம் அவனுக்கு இனி ஒரு விஷயமே இல்லை. பெற்ற மகள் சொன்ன வார்த்தையில் ஆள் பாதி செத்துவிட்டான். அன்பரசி ரிமாண்ட் பேப்பரை மூடி வைத்தாள். தொப்பியை எடுத்துக்கொண்டு, "கமலம், வண்டிய எடு," என்றாள் கான்ஸ்டபிளிடம்.

காலை 10.30

சோதனை அறை இருட்டாக இருந்தது. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. நடுவில் ஒரு இரும்புப் பெட்டி. நாஜியா எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். தங்கை நிக்காஹுக்காகப் பரங்கிப்பேட்டைக்குப் போய் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவள். அவளும் கோபமாகத்தான் இருந்தாள்.

"என் டெஸ்ட்ல தப்பு வராது மேடம். வெள்ளி, சனி நான் பாத்த சரக்கு அத்தனையும் பாஸ். எந்த கோர்ட்டுலயும் சொல்லுவேன்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. இந்தப் பெட்டி என்ன பண்ணுது?"

"களிமண்ணுல ஒரு சிட்டிகை ஒளிப்பொடி கலக்குறோம். வெந்த பிறகு கப்பு மேல வெளிச்சத்த மின்ன விட்டா, அது ஒரு கணம் மினுங்கிட்டு அணையும். நல்லா வெந்திருந்தா சட்டுனு அணையும். வேகலன்னா மெதுவா அணையும். அந்த நேரத்த அளக்கறதுதான் இந்த மிஷின். கண்ணால பாக்க முடியாத நேரம்."

"ஒரு மின்னல்ல தெரிஞ்சிடுமா?"

"எங்க தெரியும்? உள்ள இருக்கற கண்ணு ஒரு மின்னலுக்கு ஒரே ஒரு ஒளித்துளியத்தான் புடிக்கும். ஒண்ணப் புடிச்சிட்டா கொஞ்ச நேரம் அதுக்குக் கண்ணே தெரியாது. அதனால ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டு வெளிச்சத்த நல்லா மங்க வச்சிருக்கேன். துளி ஒண்ணொண்ணா வரும். லட்சக்கணக்குல மின்னி, ஒவ்வொரு துளியும் எப்ப வந்துச்சுன்னு சேக்கணும். ஒரு கப்புக்கு அர மணி நேரம். ஒரு சூளைக்கு இருவது கப்பு பாப்பேன். ரெண்டு நாள் ஆயிடும்."

"நம்ம ஜங்ஷன்ல வாசல்ல நிக்கிற டிக்கெட் செக்கர் மாதிரி. ஒருத்தர நிறுத்திப் பாக்கும்போது மத்தவங்க போயிடுவாங்க."

"அதே மாதிரிதான் மேடம்," என்று முதல்முறையாகச் சிரித்தாள் நாஜியா. "அதனாலதான், வேகமா முடிக்கணும்னா நாலு கண்ணு வச்ச மிஷினா வாங்கிக் குடுங்கன்னு கேட்டேன். நாலு வாசலுக்கு நாலு செக்கர். கண்ணத்தான் அதிகமாக்கணும். தமிழ்மணி சார் ஒரு கண்ணே போதும்னு முதலாளிகிட்ட சொல்லிட்டாரு."

வாசலில் வந்து நின்ற தமிழ்மணி அதைக் கேட்டுவிட்டான். "வீண் செலவு மேடம் அது. இருக்கற மிஷின ஒழுங்கா ஓட்டுனா போதும்."

"இந்த ரூமுக்கு எத்தன சாவி?"

"ரெண்டு. நாஜியாகிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு."

"கம்ப்யூட்டர்ல அந்தச் சரக்கோட கணக்கு இருக்குமே?"

தமிழ்மணி உதட்டைப் பிதுக்கினான். "வைரஸ் வந்து எல்லாம் போயிடுச்சு மேடம். திங்கக்கிழமதான் சுத்தமா அழிச்சு மறுபடி ஏத்துனோம்."

ஞாயிற்றுக்கிழமை சாவு. திங்கட்கிழமை வைரஸ். அன்பரசி அதை மனதுக்குள் போட்டுக்கொண்டாள். சுவரோரம் சின்னதாக ஒரு பேட்டரிப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு?"

"கரண்ட் போனா இந்த மிஷினுக்கு அதுதான்," என்றாள் நாஜியா. "ஜெனரேட்டர் கரண்ட் ஏறி எறங்கும், கண்ணு கெட்டுடும். இது ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல போகாது."

வெளியே வரும்போது அடுத்த சூளையை மூடிக்கொண்டிருந்தார்கள். சூளை வாசலில் பரக்கத்துல்லா நின்று, "புள்ளையார் வச்சாச்சா?" என்று கேட்டார். சுமை தூக்கும் கருப்பன், கப்பு செய்கிற அதே களிமண்ணில் கைப்பிடி அளவு பிள்ளையார் பிடித்துச் சரக்கின் நடுவில் வைத்தான். ஐந்து வேளை தொழுகிற மனுஷன், பிள்ளையார் வைக்காமல் ஒரு சூளையைக்கூட மூட விட்டதில்லை.

"வெந்து வந்த புள்ளையார என்ன பண்ணுவீங்க பாய்?"

"எறக்குற அன்னிக்கே யாராவது வூட்டுக்குக் கொண்டு போயிடுவாங்கம்மா. ஒவ்வொரு தடவ ஒவ்வொரு வூடு. அது அவங்க வழக்கம்."

பகல் 12.30

செத்தவனின் மனைவியிடம் வாக்குமூலம் வாங்கியாக வேண்டும். அதற்காகத்தான் அன்பரசி பாரதி வீட்டுக்குப் போனாள். வாசலில் பக்கத்து வீட்டுக் காசியம்மாள், சாக்கடை ஓரம் குனிந்து எதையோ எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா அது?"

"புள்ளையாருங்க. பாரதி கோவத்துல தூக்கி வீசிட்டா. அப்பன் மேல கோவம்னா சாமி இன்னா பண்ணுச்சு? தெருவே வந்து கும்புட்ட சாமிங்க இது. எண்ணெ குடிக்கிற புள்ளையாரு."

அன்பரசி நின்றுவிட்டாள். "எண்ண குடிக்கிதா?"

"நான் கண்ணால பாத்தங்க. தலையில ஒரு கரண்டி நல்லெண்ண ஊத்துனா ஒரு சொட்டு கீழ எறங்காது. அப்டியே உள்ள இழுத்துக்கும். நாப்பத்தெட்டு நாள் ஊத்துறதா எம் மருமவ வேண்டிக்கினு இருந்தா."

அன்பரசி பிள்ளையாரைக் கையில் வாங்கினாள். வெள்ளையாக இருக்க வேண்டியது, எண்ணெய் ஊறி ஊறிக் கருத்துப்போயிருந்தது. ஒரு தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறது. பீங்கான் ஊரில், பாதிப் பேர் சூளையில் வேலை செய்கிற தெருவில், பீங்கான் எண்ணெய் குடித்தால் அது வேகவில்லை என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. சாமி என்று ஆனபிறகு அதைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

உள்ளே பாரதி மூலையில் சுருண்டு கிடந்தாள்.

"பாரதி, இந்தப் புள்ளையாரு என்னிக்கி வந்துச்சு?"

"அந்தாளு கொண்டாந்த பொருள பத்தி எங்கிட்ட கேக்காதீங்க மேடம்."

"உம் புருசன் சாவப் பத்தித்தான் கேக்கறேன். யோசிச்சு சொல்லு."

அன்பரசியின் குரல் எவ்வளவு இறங்கியிருந்ததோ, பாரதி எழுந்து உட்கார்ந்தாள். "போன மாசம், புதன்கெழம. ஷட்டவுன் அன்னிக்கி. அவருக்கு ஷட்டவுன்னா காலைலேர்ந்து வேல. ஃபேன் ஓடல, நான் வாசல்ல உக்காந்திருந்தேன். ஒம்போது மணிக்குக் கரண்ட் நின்னு கொஞ்ச நேரத்துல அந்தாளு கொண்டாந்து குடுத்தாரு. சூளைலேர்ந்து எடுத்த சூடு அப்டியே இருந்துச்சு. கை சுட்டுச்சு."

"நிச்சயமா?"

"அன்னிக்கி சாயந்திரம் அவரு வந்ததும் ரெண்டு பேரும்தான் எண்ண ஊத்துனோம். எனக்கு மறக்குமா?"

முந்தின சூளைப் பிள்ளையார் யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு, அன்பரசி அங்கிருந்து கருப்பன் வீட்டுக்குப் போனாள். அவனுடைய பெண்டாட்டி மாடத்திலிருந்து எடுத்துத் தந்த பிள்ளையார், அதற்கு முந்தின வியாழக்கிழமை இறக்கிய சூளையில் வெந்தது. அன்பரசி அதன் தலையில் எண்ணெய் ஊற்றினாள். தொப்பை வழியாக ஓடித் தரையில் சொட்டியது. ஒரு துணியால் துடைத்ததும் பளிச்சென்று வெள்ளையாக நின்றது.

வண்டியில் ஏறியதும் நாஜியாவுக்குப் போன் போட்டாள். "ஒரு காரியம் பண்ணும்மா. கமலம் இப்ப அங்க வரும். நீங்க ரெண்டு பேரும் மட்டும், கையுற போட்டுக்கிட்டு…" என்று ஆரம்பித்து, குரலைத் தணித்து மீதியைச் சொன்னாள்.

பிற்பகல் 3.00

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரக்கத்துல்லாவும் தமிழ்மணியும் கையெழுத்துப் போட வந்திருந்தார்கள். அன்பரசி பாரதியையும் அழைத்து வந்து ஓரமாக உட்கார வைத்தாள். பிறகு இரண்டு பிள்ளையார்களையும் மேசையில் வைத்தாள்.

"என்ன அன்பரசி இது, ரிமாண்ட் நேரத்துல பூஜையா?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க ஐயா. தமிழ்மணி சார், ஒரு சூளைச் சரக்கு வெந்துச்சா வேகலையான்னு அது கூடவே வெந்த புள்ளையார வச்சுச் சொல்லலாமா?"

"சொல்லலாம். அதே மண்ணு, அதே சூடு," என்றான் தமிழ்மணி. சொன்ன பிறகுதான் கறுத்த பிள்ளையாரைச் சரியாகப் பார்த்தான்.

"இது வியாழக்கிழம எறக்கன சூளையோட புள்ளையாரு. எண்ண குடிக்கல. நாஜியா டெஸ்ட் பண்ண சரக்கு நல்ல சரக்குதான். இந்தக் கறுப்புப் புள்ளையாரு அடுத்த புதன்கெழம, ஷட்டவுன் அன்னிக்கிக் காலைல எறக்கனது. எண்ணையாக் குடிக்குது. அந்தச் சூளை மொத்தமா வேகல. அன்னிக்கேதான் லாரி போச்சு. கம்பத்துல வேகாத கப்பு இருக்குது. அப்ப லாரில போனது எந்தச் சூளை?"

"கொளஞ்சியப்பன் பேச்சக் கேட்டுட்டு—"

"கொளஞ்சியப்பன் சொல்லல. அவரு மொகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்ன அவரு மவ சொன்னா. அப்பனக் காப்பாத்தணும்னு அவளுக்கு இம்மி ஆச இல்ல. கை சுட சுட வாங்குனேன்னு சொல்றா."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"கழிவு மாத்தி வைக்கறதுக்கு நடுவுல நாலு நாளு இல்ல ஐயா. காலைல எறக்கி, சாயந்திரம் லாரி. திருட்டே நடக்கல. அந்தச் சூளைய நாஜியா தொடவே இல்ல. அவங்க ஞாயித்துக்கிழமயே பரங்கிப்பேட்ட போயிட்டாங்க. ஆனா எல்லாப் பெட்டியிலயும் பாஸ் சீட்டு இருக்குது. மிஷின் பாஸுன்னு சொன்னாத்தான் அந்தச் சீட்டு வரும். அப்ப அன்னிக்கி மிஷின ஓட்டுனது யாரு? ரெண்டாவது சாவி யாருகிட்ட இருக்குது?"

தமிழ்மணி பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தான். "சரி, நான்தான் ஓட்டுனேன். தேதில கொழப்பம் ஆயிடுச்சு. டெஸ்ட் ஒழுங்காத்தான் பண்ணேன்."

"எப்டி ஒழுங்கா? அன்னிக்கிக் காலைல ஒம்போதுலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் ஊருக்கே கரண்ட் இல்ல. மிஷினுக்கு ஒரு மணி நேர பேட்டரி. ஒரு கப்புக்கு அர மணின்னா ரெண்டு கப்பு பாக்கலாம். நீங்க இருவது பாத்தீங்க. எப்டி?"

தமிழ்மணி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான்.

"நான் சொல்றேன். மங்க வைக்கிற கறுப்புக் கண்ணாடிய உருவி எடுத்தீங்க. வெளிச்சம் கொட்டுச்சு. கண்ணுக்குத் துளி மடமடன்னு கெடச்சுது. அர மணி வேல மூணு நிமிஷத்துல முடிஞ்சுது. ஆனா என்ன ஆச்சு தெரியுமா ஐயா? ரயில்லேர்ந்து ஒருத்தர் ஒருத்தரா வந்தா, செக்கர் வேகமா நடக்கறவனையும் புடிப்பாரு, நொண்டிக்கிட்டுக் கடைசியில வர்றவனையும் புடிப்பாரு. கும்பலா வந்தா? மொதல்ல ஓடி வர்றவன் மட்டும் மாட்டுவான். அவன நிறுத்திப் பாக்கும்போது பின்னாடி வர்ற மெதுவானவன் எல்லாம் போயிடுவான். செக்கர் கணக்கப் பாத்தா, வண்டில வந்தவன் அத்தன பேரும் வேகக்காரன். இந்தக் கண்ணும் அதேதான். சீக்கிரம் வந்த துளிய மட்டும் புடிச்சுது. லேட்டா வந்ததெல்லாம் விட்டுப்போச்சு. வேகாத கப்பும் சட்டுனு அணைஞ்ச மாதிரி காட்டுச்சு. சட்டுனு அணைஞ்சா பாஸ்."

பரக்கத்துல்லா தமிழ்மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு கண்ணு மிஷின் வேணாம், ஒரு கண்ணுலயே ஒரு மணி நேரத்துல முடிச்சுக் காட்டறேன்னு எங்கிட்ட சவால் விட்டியேப்பா. முடிச்சும் காட்டுன. நான் உன் தோள்ல தட்டிக் குடுத்தேனே," என்றார்.

"இதெல்லாம் ஊகம் பாய்," என்றான் தமிழ்மணி. "கண்ணாடிய நான் தொடவே இல்ல. அந்தப் பொண்ணு மிஷினு, அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சோ."

அன்பரசி கதவுப் பக்கம் தலையசைத்தாள். கமலம் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு உள்ளே வந்தாள். அவள் பின்னால் நாஜியா. பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது.

"நான் இத வெறுங்கையால தொட்டதே கிடையாது," என்றாள் நாஜியா. "ஒரு அழுக்குப் பட்டாலும் அளவு கெட்டுடும். ஓரத்துல புடிச்சு மாட்டிட்டு மூடுனா, வருஷத்துக்கு ஒருக்கா திறந்தா அதிகம். லீவுலேர்ந்து வந்து நான் திறக்கவே இல்ல. இன்னிக்கித் திறந்தேன். நட்ட நடுவுல முழுசா ஒரு கட்டவிரல்."

"ரேக எடுத்தாச்சு," என்றாள் அன்பரசி. "உங்க கட்டவிரல மையில வச்சிப் பாக்கலாமா, இல்ல நீங்களே சொல்றீங்களா?"

தமிழ்மணி உட்கார்ந்தான். சட்டைக் காலரைத் தளர்த்தினான். "யாரும் சாவணும்னு நான் நெனக்கல மேடம்."

"அத விடுங்க. அது பொய்யின்னு எப்ப தெரியும் உங்களுக்கு?"

"கம்பத்துல கப்பு ஒடஞ்ச அன்னிக்கி. மிச்சம் இருந்த ஒரு கப்ப, கண்ணாடியோட மறுபடி வச்சுப் பாத்தேன். வேகலன்னு காட்டுச்சு."

"தெரிஞ்ச பிறகுதான் கம்ப்யூட்டர அழிச்சீங்க. தெரிஞ்ச பிறகுதான் ஒரு அப்பாவிய மாட்டி விட்டீங்க. செத்தவன் அவன் மருமவன்னு தெரிஞ்சே பண்ணீங்க."

அவன் தலை குனிந்தான். அன்பரசி அவன் பக்கம் குனிந்தாள். இப்போது அவள் பேசியது பக்கத்தில் நின்ற கமலத்துக்கே கேட்கவில்லை. "நாஜியா பத்து நாள் லீவு. அந்தப் பத்து நாள்ல எத்தன சூளை எறங்குச்சு?"

"மூணு."

"மூணும் இப்டித்தானா?"

"ஆமா."

"எங்க போச்சு?"

"வேப்பூர் பக்கம். நம்ம மாவட்டத்து மங்களூர் பக்கம்."

அன்பரசி நிமிர்ந்தாள். நாலு நாளாக இவனுக்குத் தெரியும். நாலு நாளாக அந்தக் கப்புகள் ஊர்த் தலைகளுக்கு மேலே தொங்குகின்றன, மழை பெய்கிறது, பிள்ளைகள் அதற்குக் கீழே ஸ்கூலுக்குப் போகின்றன. இவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் கை தானாக மேலே எழுந்தது. பிறகு அதே கையால் போனை எடுத்து மின்சார அலுவலகத்து நம்பரைத் தேடினாள்.

"அன்பரசி, ரெண்டு ஒன்றியத்துக்குக் கரண்ட நிறுத்தச் சொல்றதுன்னா மேல கேக்கணும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க கேளுங்க ஐயா. நான் நிறுத்தச் சொல்றேன்."

சாமிக்கண்ணு ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு ரிமாண்ட் பேப்பரை எடுத்துக் கிழித்துப்போட்டுவிட்டு, தன் போனையும் எடுத்தார். மின்சார அலுவலகத்தில் எடுத்தவர் முதலில் கத்தினார், பிறகு கேட்டார், பிறகு இரண்டு பக்கமும் மின்பாதையை அணைத்தார். வேப்பூர் ரோட்டுக் கடைகளிலிருந்து திட்டித் தீர்க்கும் போன்கள் ஸ்டேஷனுக்கு வர ஆரம்பித்தன. அத்தனையையும் அன்பரசியே எடுத்துப் பேசினாள்.

கமலம் லாக்கப் கதவைத் திறந்தாள். கொளஞ்சியப்பன் வெளியே வந்து, எங்கே போவது என்று தெரியாமல் சுவரோரம் நின்றான். மகள் இருந்த பக்கம் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

பாரதி எழுந்தாள். அப்பாவிடம் போகவில்லை. தமிழ்மணி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்துக் கமலம் ஓடி வந்தாள். அன்பரசி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்தக் கண்ணாடிய எடுத்ததுல உங்களுக்கு எவ்ளோ நேரம் மிச்சமாச்சு சார்?" என்று கேட்டாள் பாரதி. குரலில் அழுகை இல்லை.

தமிழ்மணி நிமிரவில்லை.

"கேக்குறாள்ல, சொல்லு," என்றாள் அன்பரசி.

"ரெண்டு நாளு."

"அந்த ரெண்டு நாள வச்சி என்னா சார் பண்ணீங்க?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான் என்பது முகத்தில் தெரிந்தது. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பாரதி கொஞ்ச நேரம் பதிலுக்காக நின்றாள். பிறகு திரும்பிச் சுவரோரம் போய், அப்பாவின் சட்டையில் ஒட்டியிருந்த லாக்கப் தூசியைத் தட்டிவிட்டாள்.

"வாப்பா, வூட்டுக்குப் போவலாம்," என்றாள்.